சம்மட்டி எந்தக் கையில்?

மாரிகுப்பத்துக்கு முதன்முதலாக பயாஸ்கோப் வந்தபோது அதில் மொத்தம் ஒன்பது படங்கள். எட்டுதான் என்று சாதிக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர் உயிரோடிருக்கிறார்கள்; அவர்கள் ஏதோ ஒன்றில் தூங்கியிருக்க வேண்டும். கொட்டகை பதினொரு நாள் நின்றது. நான் ஆறு ஆட்டம் பார்த்தேன். ஆறிலும் ஒன்பதுதான்.

இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. படம் என்றால் கதை கிடையாது. குதிரைகள் ஓடும். கடல் வந்து பாறையில் மோதும். ஒரு அம்மாள் குழந்தையைக் குளிப்பாட்டுவாள். ஒரு கிழவர் பொடி போட்டுத் தும்முவார். ஒன்றும் நான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடாது. ஏழாவதாக வந்தது கொல்லன் பட்டறை. சீமையில் ஏதோ ஒரு ஊரில் ஒருவன் பழுத்த இரும்பை இடுக்கியால் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். பாதியில் படம் ஒருமுறை இருண்டு, மறுபடி அதே பட்டறை வரும். அதற்குள் இரும்பு ஒரு கொக்கியாக வளைந்திருக்கும். முன்பாதியில் பத்தொன்பது அடி, பின்பாதியில் பதினைந்து. அந்த முப்பத்து நான்கு அடிகளில்தான் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷனைத் தாண்டிய பொட்டலில் மூங்கில் நட்டு, தட்டி கட்டி, நட்டநடுவில் ஒரு பெரிய வெள்ளைத்துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்கு முன்பக்கம் ஒன்பது வரிசை பெஞ்சு. பின்பக்கம் வெறும் தரை. ஆட்டம் தொடங்குமுன் துணிமேல் வாளி வாளியாகத் தண்ணீர் அடிப்பார்கள். நனைந்த துணியில் படம் பின்பக்கத்துக்கும் ஊடுருவித் தெரியும். பெஞ்சில் உட்கார முடியாதவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெஞ்சுக்காரர்களைவிட அவர்கள்தான் அதிகம். நான் பெஞ்சு. முதல் நாளே ஆணி ஒன்று வேட்டியைக் கிழித்தது. ஈரத்துணியிலிருந்து வந்த காற்றில் எனக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. இருந்தும் போனேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் ரைட்டர் வேலை. காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகப் பித்தளைப் பில்லை கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை பில்லை கீழே போனதோ அத்தனையும் மேலே வர வேண்டும். ஒன்று குறைந்தால் ஒரு மனிதன் குறைகிறான் என்று அர்த்தம். எண்ணுகிற பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை. பக்கத்து ஜன்னலில், சுரங்கத்துக்குள் வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி கொடுப்பவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மாதா கோயிலில் பாடுகிறவர், அந்தப் பதினொரு நாளும் விடாமல் ஆட்டம் பார்த்தவர். காலை ஐந்தரைக்கு அந்த இரண்டு ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற வரிசையில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருப்பார்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு வரும்வரை வேறு வேலை கிடையாது. முந்தைய நாள் படங்களைத் துவைத்துக் காயப்போடுவார்கள்.

"தும்மலு படம் இன்னாப்பா படம். அவன் தும்முறான், எனக்கு மூக்கு நமநமங்குது."

"நீ மூக்கப் பொத்திக்கினு பாரு. அந்தக் கடலு படம் சொல்லு. அத்தினி தண்ணிய வெச்சிக்கினு ஒருத்தன் கூடக் குளிக்கல."

"வெள்ளக்காரன் குளிப்பானா? அதான் கொழந்தையிலியே மொத்தமாக் குளிப்பாட்டிடறாங்களே, அந்தம்மா."

மெழுகுவத்தி அண்ணன் உள்ளிருந்தே குரல் கொடுப்பார். "கொழந்த அழுதுது பாத்தீங்களா? சத்தமே இல்லாம எப்பிடி அழுதுது. என் ஊட்லயும் அப்பிடி ஒண்ணு பொறந்திருக்கலாம்."

நானும் ஒரு கருத்து சொன்னேன். கொல்லன் பட்டறைச் சுவரில், எண் இல்லாமல் வெறும் கோடு போட்ட ஒரு பெரிய கடிகாரம் தொங்கியது. படம் ஆரம்பிக்கும்போது மூன்று மணி பத்து நிமிஷம். இருண்டு வந்த பிறகு பார்த்தால் இரண்டு ஐம்பது. இருபது நிமிஷம் பின்னால் போகிற கடிகாரத்தை மாட்டிவைத்திருக்கிற பட்டறை என்ன பட்டறை, அங்கே டைம்கீப்பர் என்று ஒருவன் இருக்கிறானா, இருந்தால் அவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றேன். வரிசையே சிரித்தது. "அத்தினி பேரு சம்மட்டியப் பாத்தா, ரைட்டரய்யா கடியாரத்தப் பாத்துக்கினு கீறாரு" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. பேச்சை விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. அன்றுதான் விஷயம் வெடித்தது.

வரிசையில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும், குடியாத்தம் பக்கம். ஊரில் கல்லுடைத்தவர், சம்மட்டி பிடித்த கை. சுரங்கத்தில் பாறையில் துளை போடுவது இருவர் வேலை. ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுப்பார், மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். இவரும் ஒரு வருஷம் அப்படி அடித்தார். பிறகு அவர் வேலை செய்த கூட்டத்துக்குப் புது மேஸ்திரி வந்தார். இடக்கையால் அடிப்பதைப் பார்த்த அன்றே சம்மட்டியை இறக்கச் சொல்லி, உடைந்த கல்லை வாரிப் போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். அதிலிருந்து ஏழு மாதம். ஆனாலும் அந்த மனிதர் தினமும் தன் சொந்தச் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். என் ஜன்னலுக்குக் கீழே சாத்திவைத்துவிட்டு மண்வெட்டியோடு இறங்குவார். ஷிப்டு முடிந்ததும் எடுத்துக்கொண்டு போவார். என்றைக்காவது ஒரு நாள் மேஸ்திரி கூப்பிடுவார் என்று.

அன்று காலை அவர் முகம் பளபளவென்றிருந்தது. முந்தின நாள் மாலைதான் முதல்முறையாகப் படம் பார்த்திருந்தார். நேராக மேஸ்திரியிடம் போனார்.

"மேஸ்திரி, கொல்லன் படம் பாத்தீங்க இல்ல? சம்மட்டி எந்தக் கையில அடிக்கிறான்?"

மேஸ்திரி ஐம்பதைத் தாண்டியவர். குடையில்லாமல் எங்கும் போகமாட்டார். கொட்டகைக்குள்ளும் குடையோடு முதல் பெஞ்சில் உட்காருவார். கொல்லன் படம் என்றால் அவருக்கு உயிர். அதற்காகவே தினமும் வந்தார்.

"எந்தக் கையில அடிப்பான்? சோத்துக் கையிலதான்."

"இல்ல மேஸ்திரி. நொட்டாங்கையில. எடது கை மேல, வலது கை கீழ. என்ன மாதிரியே. சீமையிலயே நொட்டாங்கைக்காரன் சம்மட்டி பிடிக்கிறான். நான் பிடிச்சா இன்னா?"

"கண்ணு தெரியுதா உனக்கு? நாலு நாளா முன்னால உக்காந்து பாத்துக்கினு கீறேன். வலங்கை."

"நொட்டாங்கை, மேஸ்திரி."

"நானும் பாத்தேன், நொட்டாங்கைதான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "வலங்கை" என்றார் இன்னொருவர். நிமிஷத்தில் வரிசை முழுவதும் கை தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. குதிரை எந்தப் பக்கம் ஓடியது, அந்த அம்மாள் சோப்பை எந்தக் கையில் வைத்திருந்தாள் என்று அதுவும் சேர்ந்துகொண்டது. ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு நேர் எதிர். நான் பில்லை கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரையும் கேட்டுத் தாளில் கோடு போட்டேன். வலது என்றவர்கள் முப்பத்தெட்டு. இடது என்றவர்கள் அறுபத்தொன்று. மீதிப் பேர் பார்க்கவில்லை, அல்லது கையைக் கவனிக்கவில்லை.

மேஸ்திரிக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "தலைய எண்ணி இன்னா? ரைட்டரு படிச்சவரு, பெஞ்சில உக்காந்து பாத்தவரு. அவரு சொல்லட்டும்."

நான் உள்ளதைச் சொன்னேன். முப்பத்து நான்கு அடி. முப்பத்து நான்கும் வலது கை.

"கேட்டியா?" என்றார் மேஸ்திரி. பிறகு எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னார். "இதோ பாரு. கொட்டகை இன்னும் ஆறு நாளு நிக்கும். அதுக்குள்ள அது நொட்டாங்கைன்னு நிஜமாயிடுச்சின்னா, உனக்கு நானே உளி பிடிக்கிறேன். என் கையாலயே. வலங்கைன்னு ஆச்சின்னா, அந்தச் சம்மட்டிய எங்கிட்டக் குடுத்துட்டு ஆயுசுக்கும் மம்மட்டி. சரியா?"

இடக்கைக்காரர் யோசிக்கவே இல்லை. "சரி மேஸ்திரி."

மேஸ்திரியைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. கீழே குறுகிய இடத்தில் மூன்று ஜோடிகள் வரிசையாக நின்று அடிக்கும். எல்லாச் சம்மட்டியும் ஒரே பக்கமாகப் போய் வரவேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் வந்தால் அடுத்தவன் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பான்? இளவயதில் அவர் உளி பிடித்தபோது இடக்கைக்காரன் ஒருவனின் அடி தவறி, அவருடைய இடது கைச் சுண்டுவிரல் பாதியோடு நின்றுபோனது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. எனக்கு மெழுகுவத்தி அண்ணன் சொன்னார்.

என் மனம் அந்தக் கணக்கிலேயே கிடந்தது. அறுபத்தொரு பேர் பொய் சொல்லமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வரிசையில் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேட்டேன்: எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்? வலது என்றவர்கள் அத்தனை பேரும் பெஞ்சு. இடது என்றவர்கள் அத்தனை பேரும் தரை. ஒருவர்கூட மாறவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை மெல்லிய தாள் ஒன்றில் சம்மட்டி தூக்கிய மனிதனை மையால் வரைந்து எடுத்துப் போனேன். ஜன்னலில் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, அதற்கு முன்னால் தாளைப் பிடித்தேன். "இந்தப் பக்கமிருந்து பாருங்கள். எந்தக் கை?"

"வலது."

"இப்போது அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்."

போனார்கள். "அட, எடது" என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தார்கள். கூண்டு மணி அடித்தும் நகரவில்லை. துணியும் இப்படித்தான், பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் புரண்டுதான் தெரியும், குதிரையும் அப்படித்தான், சோப்பும் அப்படித்தான் என்றேன். மேஸ்திரி என் தோளைத் தட்டினார்.

இடக்கைக்காரர் மட்டும் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் பாத்தது பொய்யா, ரைட்டரய்யா?"

"பொய் இல்லை. புரண்டது."

அவர் குனிந்து என் ஜன்னலுக்குக் கீழே சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்தார். பிடியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, பில்லையை வாங்கிக்கொண்டு கூண்டுக்குப் போனார். மெழுகுவத்தி அண்ணன் என்னிடம், "கணக்கு சரியா இருந்தா வாய மூடிக்கினு இருக்கக்கூடாதா தம்பி? உன்னக் கேட்டாங்களா?" என்றார்.

கேட்டார்கள்தான். அடுத்த பில்லையை எடுத்து நீட்டினேன்.

அடுத்த நாள் வியாழன். ஷிப்டு முடிந்து திரும்பி வந்த பில்லைகளை எல்லாம் ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் ஆபீஸ் கடிகாரம். இரண்டு மணி பத்து நிமிஷம். ஒரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; அது ஒருநாளும் பின்னால் போனதில்லை. எந்தக் கடிகாரமும் போகாது. நின்றுபோகும், மெதுவாகப் போகும், வேகமாகப் போகும். பின்னால் போகாது. நின்ற இடத்திலேயே பில்லையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மூன்று பத்து, பிறகு இரண்டு ஐம்பது. பட்டறையில் டைம்கீப்பர் இல்லை என்று நான் கேலி செய்தேனே, அந்தக் கடிகாரத்தில் ஒரு தப்பும் இல்லை என்றால்?

தாளை எடுத்துக் கடிகாரம் வரைந்தேன். மூன்று பத்து. புரட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டு ஐம்பது. இரண்டு ஐம்பதை வரைந்து புரட்டினேன். ஒன்பது பத்து. எட்டு ஐம்பதுக்கு ஆரம்பித்து ஒன்பது பத்துக்கு முடிந்த வேலை. ஒழுங்காக முன்னால் போகிற கடிகாரம்.

மெழுகுவத்தி அண்ணனிடம் காட்டினேன். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எனக்கு இது விளங்கலை. நீ இன்னாத்துக்குத் தாளப் புரட்டிக்கினு கீறே? இன்னிக்குப் போய் அந்தப் பக்கம் உக்காந்து பாரு. தரையில உக்காந்தா தேஞ்சா பூடுவே?"

அன்று ஏழு மணி ஆட்டத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தரையில் ஆணி இல்லை. காற்றும் அந்தப் பக்கம்தான் குறைவு. பூதிகோட்டையிலிருந்து வண்டி கட்டி வந்திருந்த ஒரு குடும்பம் எனக்கு இடம் ஒதுக்கி, கையில் வேர்க்கடலை கொடுத்தது. குதிரைகள் வந்தன, பெஞ்சில் பார்த்ததற்கு எதிர்ப்பக்கமாக ஓடின. சோப்பு கை மாறியிருந்தது. எல்லாம் என் கணக்குப்படி. ஏழாவது படம் வந்தது. சம்மட்டி இடது கையில். நான் அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன். எட்டு ஐம்பது. படம் இருண்டது. மறுபடி வந்தது. ஒன்பது பத்து.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"யாருய்யா அது, உக்காரு. தலை மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். உட்கார்ந்தேன். என் மனசு மட்டும் நின்றுகொண்டேயிருந்தது. மற்ற எட்டுப் படங்களும் பெஞ்சுக்கு நேராக, தரைக்குப் புரண்டு தெரிந்தன. இந்த ஒரு படம் மட்டும் தரைக்கு நேர், பெஞ்சுக்குப் புரட்டு. அந்த மனிதர் பார்த்ததுதான் உண்மை. அவர் சம்மட்டியை இறக்கிவைத்தது என் மெழுகுவத்தியால்.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். பயாஸ்கோப்காரர் சென்னைக்காரர், ஒல்லி, விளக்கின் வாயுவை முகர்ந்து முகர்ந்து எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், ஒன்பது நாளா ஓடுது. ஒருத்தரும் குறை சொல்லலை. கடிகாரத்தைப் பார்க்கவா படத்துக்கு வர்றாங்க?"

"ஒருவர் வந்தார்" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு சுருளை எடுத்தார். நீளமாக இழுத்து வெயிலில் பிடித்தார். பிறகு விரலை நாக்கில் தொட்டு, பிலிமின் ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்து பூசிய பக்கம் விரலில் ஒட்டுமாம். மறுபக்கம் ஒட்டாது. ஒட்டுகிற பக்கம் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும்; இதில் துணியைப் பார்த்து இருந்தது. முகத்தைச் சுளித்தார். "போன ஊர்ல இது அறுந்துபோச்சு. ராத்திரியோட ராத்திரியா ஒட்டிச் சுத்தினேன். புரட்டிச் சுத்திட்டேன் போல." சற்று நேரம் இருமிவிட்டுச் சொன்னார். "இது ஒரு பெரிய விஷயமா சார்? யாருக்கு என்ன நஷ்டம்?"

நான் சொன்னேன். சம்மட்டி, மண்வெட்டி, ஏழு மாதம், மேஸ்திரியின் வாக்கு, என் தாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கண்முன்னாலேயே அந்தச் சுருளை முழுக்கப் பிரித்துத் திருப்பிச் சுற்றினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அன்று மாலை நான் பெஞ்சில், மேஸ்திரிக்கு இரண்டு வரிசை பின்னால். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் வார்த்தையை நம்பி யாரும் இனி ஒன்றும் முடிவு செய்யக் கூடாது. கண்ணால் பார்க்கட்டும். ஏழாவது படம் ஆரம்பித்தது. முதல் அடி. இரண்டாவது அடி. மேஸ்திரியின் குடை நிமிர்ந்தது. ஐந்தாவது அடிக்கு அவர் எழுந்து நின்றார். விளக்கின் வெளிச்சத்துக்குக் குறுக்கே அவர் தலையும் குடையும் கொல்லன்மேல் கறுப்பாக விழுந்தன.

"நொட்டாங்கை" என்றார். கத்தவில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டது.

பெஞ்சு முழுவதும் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில்தான் எனக்கு நினைவு வந்தது. இடக்கைக்காரர் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பார். சுருளைத் திருப்பியாகிவிட்டது. அவருக்கு இன்று வலது கை தெரியும். நேற்றுவரை தன் கண்ணால் பார்த்ததும் போய், முன்பக்கம் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். எல்லாவற்றையும் எண்ணினேன், இதை எண்ணவில்லை.

நான் எழுவதற்குள் மேஸ்திரி போய்விட்டார். துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடையே தேடி, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர் தலை குனிந்திருந்தது.

"உடுங்க மேஸ்திரி. பாத்துட்டேன். வலங்கைதான். ஒத்துக்கினேன் இல்ல, சம்மட்டியக் குடுத்துட்டேன் இல்ல?"

"இன்னாத்தப் பாத்தே? இங்க வந்து உக்காரு." முதல் பெஞ்சில் தன் இடத்தில் அவரை உட்காரவைத்தார். பிறகு திரும்பிப் பயாஸ்கோப்காரரைப் பார்த்து, "யோவ், மறுபடியும் அத்தயே போடு" என்றார்.

பயாஸ்கோப்காரர் போட்டார். எட்டு ஐம்பது. சம்மட்டி எழுந்தது, இடது கை மேலே, வலது கை கீழே. நான் நடந்ததை எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன்: சுருள் புரண்டிருந்தது, தரையில் பார்த்தவர்களே சரியாகப் பார்த்தவர்கள், என் தாள் இந்தப் படத்துக்குத் தப்பு. துணிக்குப் பின்னாலிருந்து அறுபது எழுபது குரல்கள் ஒன்றாக எழுந்தன. அப்படி ஒரு கூச்சலை நான் அந்த ஊரில் அதற்கு முன் கேட்டதில்லை. தட்டிகள் ஆடின.

இடக்கைக்காரர் கூச்சலைக் கேட்டதாகத் தெரியவில்லை. முழங்காலில் கை ஊன்றி, கொல்லனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?" என்றார் மேஸ்திரி.

"நல்லாத்தான் அடிக்கிறான். கொஞ்சம் மெதுவா அடிக்கிறான். நம்ம பாறைக்கு இது பத்தாது."

மெழுகுவத்தி அண்ணன் சிரித்த சிரிப்பில் பெஞ்சே குலுங்கியது. ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் இப்போது வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் நிக்கற எடத்தப் பாத்தியா? செவுரு அவன் வலது தோளுல ஒட்டிக்கினு கீது. வலங்கைக்காரன் அங்க நின்னா ஓங்கவே முடியாது, மொழங்கை செவுத்துல இடிக்கும். தெரிஞ்சிதான் அங்க நிறுத்தியிருக்கான், அந்தப் பட்டறைக்காரன்." பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "நம்மளுக்கும் அப்பிடி ஒரு மூலை கீதே. ஓங்க எடமில்லன்னு மூணு ஜோடியும் உட்டுட்டு வர்ற மூலை."

சனிக்கிழமை விடிந்ததும் வரிசை வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் தீட்டிய உளிகளைச் சோதித்துப் பார்க்க ஒரு கருங்கல் கிடக்கும். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். நானும் ஜன்னலைப் பூட்டிவிட்டுப் போனேன். அதற்காக அன்று எனக்குத் திட்டு விழுந்தது. மேஸ்திரி குடையை மெழுகுவத்தி அண்ணனிடம் கொடுத்தார். இடக்கைக்காரரின் சம்மட்டியை அவரிடம் நீட்டினார். பிறகு குந்தி உட்கார்ந்து, உளியைக் கல்லில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, நீங்க வேணாம். வேற யாராச்சும் பிடிக்கட்டும்" என்றார் இடக்கைக்காரர்.

"வேற யாரு பிடிப்பான்? நான் பிடிக்காத உளிய எவன் பிடிப்பான்? அடி."

"கை படும்."

"பட்டா அது என் பாடு. அடி."

முதல் அடி மெதுவாக விழுந்தது. மேஸ்திரி உளியைக் கால்வாசி திருப்பினார். இரண்டாவது அடி. மூன்றாவதில் கை நிலைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் இரும்பு இரும்பில் விழுகிற ஓசை மட்டுமே. கல்தூள் மேஸ்திரியின் மீசையில் படிந்தது. அவர் கண்ணை உளியிலிருந்து எடுக்கவில்லை; ஒருமுறைகூட இமைக்கவில்லை என்று மெழுகுவத்தி அண்ணன் பக்கத்து ஊரிகம் ஊர்வரை போய்ச் சொல்லி வந்தார். துளை ஒரு சாண் இறங்கியதும் மேஸ்திரி கையை உயர்த்தி, "போதும். அந்த மூலை இனிமே உன்னுது" என்றார்.

கூண்டு மணி அடித்தது. எல்லோரும் என் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். இடக்கைக்காரர் கடைசியாக வந்தார். சம்மட்டி தோளிலேயே இருந்தது; ஜன்னலுக்குக் கீழே சாத்தவில்லை. பில்லையைக் கொடுத்தேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"என் தாளால்தான் உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு ஆட்டத்துக்கு வர்றீங்களா ரைட்டரய்யா?" என்றார். "தரையில வந்து உக்காருங்க. அங்க ஆணி குத்தாது."

அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார் கூட்டத்தில் நெடுநாளாக உளி பிடிக்கிற ஒருவர். இடக்கைக்கு உளி பிடிக்கவே மாட்டேன் என்று ஏழு மாதத்துக்கு முன் முதலில் சொன்னவர் அவர்தான். தன் பில்லையை வாங்கிக்கொண்டு அவர் விறுவிறுவென்று முன்னால் போய், கூண்டில் ஏறப்போன இடக்கைக்காரரின் முழங்கையைத் தொட்டார்.

"அண்ணே, அந்த மூலைக்கு நான் வர்றேன். நீ அடி, நான் பிடிக்கிறேன்."

"கொட்டாவி உடாம பிடிப்பியா?"

"உன் அடியில எவனுக்குக் கொட்டாவி வரும்?"

கூண்டின் கதவு சாத்தப்பட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இறங்கினார்கள், சம்மட்டி நடுவில்.